‘யாருமில்லாத மலை’ என்று படம் போட்ட பைக் தம்பிகளுக்கு

தம்பிகளே,

மாஞ்சோலை மலையில், நாலுமுக்கில் என் அம்மா போட்டுக் கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு, அந்த ஊரில் யாருமே இல்லை என்று 14 நிமிட வீடியோ போட்டிருக்கிறீர்கள். 9-வது நிமிடத்தில் உங்களில் ஒருவர் கையில் எவர்சில்வர் டம்ளர் ஒன்று தெரிகிறது. அது எங்கள் வீட்டு டம்ளர். விளிம்புக்குக் கீழே அப்பா பெயர் வெட்டியிருக்கும், நிறுத்திப் பார்த்தால் படிக்கலாம். டம்ளர் வருகிறது, அதைக் கொடுத்தவள் வரவில்லை. அவள் வந்தால் தலைப்பு பொய்யாகிவிடும் என்பதால் வெட்டியிருப்பீர்கள்.

அதோடு முடிந்திருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். போன வாரம் கடைக்கு வந்த ஒரு பையன் உங்களுடைய அடுத்த அறிவிப்பைக் காட்டினான். ‘யாருமில்லாத மலையில் ஒரு ராத்திரி’, 40 பைக்குகள், முன்பணம் கட்டினால் இடம் உறுதி. அதில் போட்டிருக்கிற படம் எங்கள் லயனில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், கடைசி வீட்டுக் கதவு. அந்தக் கதவு எப்படித் திறந்தது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தேன், ‘பார்க்கலாம் அண்ணாச்சி’ என்றீர்கள். சரி, எல்லாரும் பார்க்கிற இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் குழுவின் பெயரையோ ஆட்களின் பெயரையோ எழுதப்போவதில்லை. நான் கல்லிடைக்குறிச்சியில் பைக் மெக்கானிக். பிறந்து வளர்ந்தது நாலுமுக்கு தேயிலை எஸ்டேட் லயனில். உங்களில் நாலைந்து பேர் என் கடைக்கு வாடிக்கை. உங்களால் எனக்கு வருமானம் உண்டு, அதை மறைக்கவில்லை. இதைப் படித்த பிறகு வேறு கடைக்குப் போவீர்கள் என்றால் போங்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், எங்கேயாவது தப்பாகச் சொன்னால் திருத்துங்கள்.

போன மாதம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு வண்டிகள் வந்தன. செயின் டைட், ஆயில், பிரேக் எல்லாம் பார்த்துக் கொடுத்தேன். பேச்சுவாக்கில் ஒருவர் கேட்டார்: “அண்ணாச்சி, அம்மா இன்னும் மேலதான் இருக்காங்களா? எந்த லயன்?” நான் வெள்ளந்தியாக லயன், வீடு, பக்கத்தில் இருக்கிற கொய்யா மரம் உட்பட அடையாளம் சொன்னேன். மறுநாள் காலை மணிமுத்தாறு அணைக்கட்டுப் பக்கம் இருக்கிற வனத்துறைச் சாவடியில் அதையே சொல்லித்தான் ஏறியிருக்கிறீர்கள். ‘மெக்கானிக் அண்ணாச்சி வீட்டு விசேஷம், சொந்தக்காரங்க.’ எங்கள் வீட்டில் என்ன விசேஷம் என்று யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ தெரியாது.

மாஞ்சோலைக்கு வெளியூர் வண்டி ஏறுவதற்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், 1988-ல் அறிவித்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-வது பிரிவு, சரணாலயத்துக்குள் யார் யார் அனுமதியில்லாமல் போகலாம் என்று சொல்கிறது. உள்ளே குடியிருக்கிற எங்களைப் போன்றவர்கள் போகலாம். விசேஷம் என்று பொய் சொல்லி எங்கள் பெயரில் போகலாம் என்று அதில் இல்லை.

சரி, ஏறிவிட்டீர்கள். சனிக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மாஞ்சோலை தாண்டி, காக்காச்சி தாண்டி நாலுமுக்கு வருவதற்குள் ஒரு 200 சிசி வண்டியின் கிளட்ச் பிளேட் கருகிவிட்டது. கருகாமல் என்ன செய்யும்? இரண்டு பக்கமும் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கொண்டை ஊசி வளைவு முழுக்கப் பாதி கிளட்ச்சைப் பிடித்தபடியே ஏறினால் பிளேட் என்ன இரும்புத் தூணா? முதல் கியரில் போட்டுக் கிளட்ச்சை முழுசாக விட்டு ஏறச் சொல்லி வெள்ளிக்கிழமையே சொன்னேன். இறங்கும்போதும் அப்படித்தான். கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி வழியிலேயே பிரேக் பிடிப்பது குறைந்துவிடும். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்பார் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். இதெல்லாம் இந்த மடலுக்குச் சம்பந்தமில்லை, கை பழக்கத்தில் எழுதிவிட்டேன். ஆனால் 40 பேரைக் கூட்டிக்கொண்டு போகிற ஆட்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பயமும் இருக்கிறது. அணையைத் தாண்டினால் பெட்ரோல் பங்க் கிடையாது, போனில் சிக்னல் ஓரிரு இடத்தில்தான் எட்டிப் பார்க்கும், ஒருத்தன் விழுந்தால் அம்பாசமுத்திரம் வரை இறக்கிக் கொண்டுவர வேண்டும்.

வண்டி நின்றதும் பஸ் டிரைவரிடம் சொல்லி அனுப்பினீர்கள். அவர் இறங்கி வந்து கடையில் சொல்லும்போது இருட்டிவிட்டது. ராத்திரி மலையில் வண்டி ஓட்டக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளட்ச் பிளேட் செட்டும் கேஸ்கெட்டும் எடுத்துக்கொண்டு நான் ஏறினேன். உங்களுக்காக இல்லை என்று சொன்னால் பொய். நம்ம பையன்கள் மழையில் மாட்டிக்கொண்டார்களே என்றுதான் ஏறினேன்.

நான் போய்ச் சேரும்போது அம்மா ஏழு பேருக்கும் இரண்டாம் தடவை காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். முந்தின ராத்திரி கஞ்சியும் தேங்காய்த் துவையலும் கொடுத்திருக்கிறாள். “பாவம்லே, பிள்ளைய நனைஞ்சு நடுங்கிட்டு நின்னுது” என்றாள். அவளுக்கு 68 வயது. ரேஷன் அரிசியை நான் கீழேயிருந்து கொண்டுபோய்க் கொடுத்தால்தான் உண்டு. அதிலிருந்துதான் பொங்கிப் போட்டிருக்கிறாள். அதைக் கணக்குப் பார்க்க எழுதவில்லை, அவளும் பார்க்கமாட்டாள்.

வண்டியை இடப்பக்கம் சாய்த்து, ஆயிலை இறக்காமலே கவரைக் கழற்றி பிளேட்டை மாற்றிக் கொடுத்தேன். நீங்கள் அதையும் வீடியோ எடுத்தீர்கள். அதிலும் என் கை மட்டும்தான் வந்திருக்கிறது. முகம் வந்தால் ஊரில் இன்னொரு ஆள் கூடிவிடுவார், இல்லையா?

நீங்கள் கிளம்பிப் போன பிறகுதான் கடைசி வீட்டைப் பார்த்தேன்.

அது எங்கள் மதினி வீடு. ரத்த சொந்தம் இல்லை, பக்கத்து வீடு, அதனால் மதினி. அண்ணன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. வேலை நின்ற பிறகு அவர்கள் பிள்ளைகளோடு அம்பாசமுத்திரத்துக்கு வந்து வாடகைக்கு இருக்கிறார்கள், சித்தாள் வேலைக்குப் போகிறார்கள். கொண்டுபோக முடியாத சாமான்களை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை அம்மாவிடம் கொடுத்திருந்தார்கள். நீங்கள் சாவி கேட்கவில்லை. நாதாங்கியைப் பெயர்த்திருக்கிறீர்கள். உள்ளே தேயிலைப் பெட்டிப் பலகையில் அண்ணன் செய்த அலமாரி ஒன்று இருந்தது. அதை உடைத்து நடு வீட்டில் எரித்திருக்கிறீர்கள். சுவரில் கரி. தரையில் கரி. பின்பக்கம் தண்ணீருக்குப் போகிற பாதையில் உடைந்த பாட்டில்கள். அந்தப் பாதையில் மனிதர்கள் மட்டும் நடப்பதில்லை, விடியற்காலையில் மிளா மான் வரும், காட்டுமாடு வரும். சில்லுகளைப் பொறுக்கி சிமெண்ட் சாக்கில் கட்டுவதற்கு எனக்கு மத்தியானம் ஆகிவிட்டது. தண்ணீர் பாட்டிலும் சிப்ஸ் கவரும் தனிச் சாக்கு. அம்மா பேசாமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். கரி போகவில்லை.

அம்மாவிடம் சொல்லாமல் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, உங்களில் ஒருவர் போனில் சொன்ன பதில் இது: “காலியாத்தானே அண்ணாச்சி கிடக்கு.”

அந்த வார்த்தைக்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டும்.

காலியாக எப்படி ஆனது? சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல், 99 வருஷக் குத்தகைக்கு, 8,373 ஏக்கர் காட்டை ஒரு கம்பெனி வாங்கியது. காட்டைத் திருத்தித் தேயிலை போட ஆள் வேண்டும் என்று, ஆள் பிடிக்கிற கங்காணிகள் கீழேயிருந்தும் கேரளத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கூட்டிவந்தார்கள். என் தாத்தா அப்படி வந்தவர். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று வரிசையாக எஸ்டேட்டுகள் வந்தன. குத்தகை 2028-ல் முடிய வேண்டியது. அதற்கு முன்னாலேயே 2024 ஜூனில் வேலை நின்றது. விருப்ப ஓய்வு என்று காகிதம். நான்கு தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்களுக்குக் கீழே ஒரு செண்ட் நிலம் கிடையாது, மேலே இருக்கிற வீடும் அவர்கள் பெயரில் கிடையாது. கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த வருஷ டிசம்பரில் தீர்ப்பும் வந்துவிட்டது. காடு காட்டுக்கே திரும்ப வேண்டும் என்று சொல்கிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. பிறந்த வீட்டையும் விட முடியவில்லை. இந்த இரண்டையும் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் ஒவ்வொரு தடவையும் மலை ஏறுகிறோம், இறங்குகிறோம்.

உங்கள் வீடியோவில் ‘இந்த அமைதிக்காகவே வரலாம்’ என்று ஒரு வரி வருகிறது. தம்பி, அந்த லயனில் நான் படிக்கிற காலத்தில் காலையில் சங்கு ஊதும், பெண்கள் இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு, கூடையை மாட்டிக்கொண்டு, அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்கக் காலில் புகையிலையும் சுண்ணாம்பும் தேய்த்துக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டபடி ஃபீல்டுக்குப் போவார்கள். எடை போடுகிற இடத்தில் நடக்கிற சண்டை இரண்டு லயனுக்குக் கேட்கும். ஃபாக்டரி ஓடுகிற நாளில் ராத்திரி முழுக்கத் தேயிலை வாசனை. நீங்கள் ரசித்த அமைதி போன வருஷம், முந்தின வருஷம் உண்டானது. அந்தச் சத்தமெல்லாம் ஒவ்வொரு குடும்பமாக லாரியில் ஏறி இறங்கிப் போனதைப் பார்த்தவள் அம்மா. வீடியோவை அவளிடம் காட்டினேன், காட்டியிருக்கக் கூடாது. முழுக்கப் பார்த்தாள். தலைப்பை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப நான் யாருலே?” என்றாள்.

இன்னொன்று. உங்கள் வீடியோ தொடங்குவது திருநெல்வேலி கொக்கிரகுளத்துப் பாலத்தில். ஏழு வண்டியும் வரிசையாக நின்று, தாமிரபரணியைக் காட்டி, ஆக்சிலரேட்டரை முறுக்கிச் சைலன்சரில் வெடி விட்டு, கை தட்டிக் கிளம்புகிறீர்கள். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களின் கூலிக்காக ஒரு ஊர்வலம் அதே கொக்கிரகுளத்துக்கு, கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வந்தது. அன்றைக்குப் போலீஸ் தடியடிக்குப் பிறகு அந்த ஆற்றில் 17 பேர் செத்தார்கள், அதில் ஒரு குழந்தையும் உண்டு. அம்மா அன்றைக்கு ஊர்வலத்தில் இருந்தாள். ஒரு செருப்போடு வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு திருநெல்வேலிக்குப் போக வேண்டுமென்றால் அந்தப் பாலத்தில் பஸ் ஏறும்போது கண்ணை மூடிக்கொள்வாள், இப்போதும். உங்களில் பாதிப் பேர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். தெரியாமல் செய்ததைக் குற்றம் என்று சொல்லமாட்டேன். இப்போது தெரிந்துவிட்டது.

சைலன்சர் விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்கும் பங்கு உண்டு. அந்த ஏழில் ஒரு வண்டிக்குக் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டுச் சத்தச் சைலன்சர் மாட்டியது நான்தான். கூலி 300 ரூபாய் வாங்கினேன். சத்தத்தைக் குறைக்கிற டிபி கில்லரைக் கழற்றச் சொன்னபோது அதையும் கழற்றினேன். 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு 80 டெசிபல் என்று விதி இருப்பது மெக்கானிக்குக்குத் தெரியாதா? தெரியும். வாடிக்கையாளர் கேட்டார், செய்தேன். கடை வாசலில் முறுக்கிப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது. நானும் இருபது வயதில் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியில் சத்தம் பண்ணிக்கொண்டு அம்பாசமுத்திரத்துக்கும் பாபநாசத்துக்கும் சுற்றியவன்தான்.

ஆனால் அந்த வண்டி மலையில் என்ன செய்தது என்பதை அம்மா சொல்லித்தான் கேட்டேன். காக்காச்சிப் பக்கம் சோலைக்காட்டில் சிங்கவால் குரங்குகள் இருக்கின்றன. 1976-ல் களக்காடு சரணாலயமே அவற்றுக்காகத்தான் அறிவித்தார்கள். மரத்தை விட்டு அதிகம் இறங்காத கூச்சப் பிராணி. அதன் கூட்டம் ஒன்று ரோட்டுக்கு மேலே கிளையில் நின்றபோது, குட்டி வைத்திருந்த ஒன்றைப் பார்த்து முறுக்கிச் சத்தம் விட்டீர்கள், அது பாய்வதை மெதுவாக ஓடவிட்டு வீடியோவில் பாட்டுப் போட்டிருக்கிறீர்கள். நான் 300 ரூபாய்க்கு மாட்டிய சைலன்சர்தான் அது. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

ராத்திரிச் சத்தம் இன்னும் மோசம். 2023-ல் அரிக்கொம்பன் யானையைத் தேனியிலிருந்து கொண்டுவந்து மேல் கோதையாறு பக்கம் விட்டார்கள், ஞாபகம் இருக்கும். செப்டம்பரில் அது நாலுமுக்கு, ஊத்து வரை வந்து வாழையைச் சாய்த்தது. நாங்கள் என்ன செய்தோம் என்றால், ஒன்றும் செய்யவில்லை. விளக்கை அணைத்து, பிள்ளைகள் வாயைப் பொத்தி, வீட்டுக்குள் இருந்தோம். யானை இருக்கிற மலையில் ராத்திரி இருக்கத் தெரிந்தவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். நீங்கள் அந்தச் சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு லயன் வாசலில் ஹெட்லைட்டைப் போட்டு ஸ்பீக்கர் வைத்து ஆடியிருக்கிறீர்கள். அன்றைக்கு எதுவும் வரவில்லை. அது உங்கள் சாமர்த்தியம் இல்லை. அடுத்த தடவை 40 வண்டி, 60 பேர், நெருப்பு, பாட்டு. ஏதாவது வந்தால் நீங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவீர்கள், ஓட முடியாத நாலைந்து கிழங்கள் அங்கே இருக்கும்.

உங்களால் எனக்கு ஆன நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். நீங்கள் போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரையும் அரிசியும் எடுத்துக்கொண்டு ஏறினேன். சாவடியில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். ரேஷன் கார்டு, ஆதார், அம்மாவின் கார்டு நகல் எல்லாம் காட்டிய பிறகும், “உங்க வீட்டு விசேஷத்துக்கு இன்னும் எத்தனை பேர் வருவாங்க?” என்று கேட்டார் அங்கே இருந்தவர். அவரைக் குறை சொல்லமாட்டேன். என் பெயரில் ஏழு பேர் ஏறி, மலையில் தீ வைத்து, அதை வீடியோவாகவும் போட்டால் அவர் வேறென்ன கேட்பார்? எனக்கு மட்டும் என்றாலும் பரவாயில்லை. மேலே பெற்றவர்களை விட்டுவிட்டுக் கீழே வேலை பார்க்கிற எல்லாப் பிள்ளைகளையும் இப்போது அப்படித்தான் கேட்கிறார்கள். பேறுகாலம் முடிந்து அம்மா வீட்டுக்குப் போன ஒரு பெண்ணை, கைப்பிள்ளையோடு, கூட வந்த தம்பி சொந்தத் தம்பிதானா என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஊருக்கு நாங்கள் போவதற்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையையும் நீங்கள் ஒரு சனி, ஞாயிறில் செலவழித்துவிட்டீர்கள்.

பைக்கில் வராதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது, என் பிழைப்பே அதுதான். முறையாக அனுமதி வாங்கி, அனுமதித்த வண்டியில், அனுமதித்த நேரத்துக்குள் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸும் போகிறது. அந்த பஸ்ஸின் இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்து பாருங்கள், எந்த பைக்கிலும் தெரியாத மலை தெரியும். குதிரைவெட்டியில் நின்று கீழே காரையாறு அணையைப் பார்க்கிறவனை யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. நான் சொல்வது உங்களைப் பற்றி, இந்த ஏழு பேர் பற்றி, நீங்கள் கூட்டிவரப்போகிற 40 பற்றி.

இனி நான் கேட்பவை.

முதலில் அந்த ராத்திரிப் பயணத்தை ரத்து செய்யுங்கள். தேதி மாற்றுவது, வண்டியைக் குறைப்பது எல்லாம் வேண்டாம், ரத்து. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். மதினி வீட்டுக் கதவு இருக்கிற படத்தை இன்றைக்கே எடுங்கள், அது உங்கள் விளம்பரப் பலகை இல்லை.

14 நிமிட வீடியோவையும் எடுக்க வேண்டும். குரங்கை விரட்டியதும் வீட்டைத் திறந்ததும் இருக்கிற ஒன்றைத் தலைப்பை மட்டும் மாற்றி வைத்திருக்க முடியாது. எடுத்துவிட்டு, ஏன் எடுத்தோம் என்று நீங்களே அந்த இடத்தில் சொல்ல வேண்டும். அந்த ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள், எங்களுக்குச் சோறு போட்டார்கள் என்று சொல்லுங்கள், போதும்.

சாவடியில் எழுத்தில் கொடுங்கள்: விசேஷம் என்று சொன்னது பொய், மெக்கானிக்குக்கும் அவர் அம்மாவுக்கும் இதில் தொடர்பில்லை என்று. நானும் கூட வருகிறேன். அபராதம் போட்டால் கட்டுங்கள். அபராதத்தில் பாதி, சைலன்சருக்கானதாக இருந்தால் அந்தப் பாதியை நான் கட்டுகிறேன்.

சத்தச் சைலன்சர் வைத்திருக்கிற எல்லாரும் கம்பெனி சைலன்சரை எடுத்துக்கொண்டு வாருங்கள். மாட்டித் தருகிறேன், கூலி வேண்டாம். இனி எந்த வண்டிக்கும் அதைக் கழற்றுவதில்லை என்று கடையில் எழுதி மாட்டிவிட்டேன். வந்து பார்த்துக்கொள்ளலாம்.

மதினியின் நாதாங்கிக்கும் பூட்டுக்கும் ஆன செலவு 420 ரூபாய், ரசீது என்னிடம் இருக்கிறது. அலமாரிக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. அம்பாசமுத்திரத்தில் அவர்கள் வீட்டுக்கு நான் கூட்டிப் போகிறேன், நீங்களே கேளுங்கள். ஏழு பேரும் வர வேண்டும், இரண்டு பேரை அனுப்பி முடித்துக்கொள்ளும் வேலை வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அந்தக் கதவுக்கு மேலே ஒரு தகடு இருந்தது. பிஸ்கட் டின்னை வெட்டி, பச்சை பெயிண்ட் அடித்து, வெள்ளையில் 7 என்று அண்ணன் எழுதி ஆணி அடித்தது. வீடியோவின் கடைசி நிமிடத்தில் அது உங்களில் ஒருவருடைய பைக்கின் முன்பக்கம், நம்பர் பிளேட்டுக்கு மேலே கட்டியிருக்கிறது. மதினி வீடியோவைப் பார்க்கவில்லை, நான் காட்டவும் போவதில்லை. ஆனால் போன வாரம் என்னிடம் கேட்டார்கள்: “தம்பி, மேல போனா அந்த நம்பர் தகட்டை மட்டும் கழட்டிட்டு வாரியா? வாடகை வீட்டு வாசல்ல மாட்டிக்கிடுதேன்.” சரி மதினி என்று சொல்லிவிட்டேன். வளைக்காமல், பெயிண்ட் உதிராமல் கழற்றி, துணியில் சுற்றி, சனிக்கிழமைக்குள் கடையில் கொண்டுவந்து கொடுங்கள். காலை எட்டு மணிக்குத் திறந்துவிடுவேன்.

இப்படிக்கு,
கல்லிடைக்குறிச்சி பைக் மெக்கானிக்,
நாலுமுக்குக்காரன்